அஞ்செட்டி ரோட்டு ‘ஹைப்ரிட் எல்ம்’: ஒரு மரத்தை மூன்று தடவை போய்ப் பார்த்த கதை

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும், வாட்ஸ்அப்பில் 11 படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பின்னாலேயே ஒரு குரல் பதிவு. “மாப்ள, நம்ம ஏரிக்கரையில எல்ம் மரம் இருக்குடா. அதுவும் சாதா எல்ம் இல்ல, ஹைப்ரிட். ஆப்புல போட்டுப் பாத்துட்டேன்.”

அனுப்பியவன் கல்லூரித் தோழன். ஓசூரில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் ரோட்டில் இரண்டு ஏக்கர் வாங்கித் தக்காளியும் சாமந்தியும் போடுகிறான். நான் தர்மபுரியில். மரம் பார்ப்பது எனக்குத் தொழில் இல்லை, பட்டமும் இல்லை, பையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் எல்ம் என்ற சொல்லைக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது. குளிர்நாட்டு மரம் அது. நம் நாட்டில் உண்மையான எல்ம் என்றால் காஷ்மீர், இமாச்சல் பக்கத்து மலைகளிலும் வடகிழக்கிலும்தான். மாங்காய்க்குப் பேர்போன மாவட்டத்தின் ஏரிக்கரையில் அது தானாக முளைத்து நிற்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

படங்களில் மூன்று சாட்சிகள் இருந்தன. ஒன்று, கரையில் எப்போதோ வெட்டிப்போட்ட ஒரு அடிக்கட்டை. அதிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் புதுக் கிளைகள் துளிர்த்திருந்தன, இலை விளிம்பு முழுக்க ரம்பப் பல். இரண்டு, அதிலிருந்து முப்பது எட்டில் ஒரு பெரிய மரம், அதன் இலையில் பல்லே இல்லை, கத்தரித்து விட்ட மாதிரி நேர் விளிம்பு. மூன்று, அவன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் போன்சாய். ஒரு நர்சரியில் ‘சைனீஸ் எல்ம்’ என்று சொல்லி 1,800 ரூபாய்க்குக் கொடுத்தது, பல் வைத்த பொடி இலை. செடியை அடையாளம் சொல்கிற ஆப் அடிக்கட்டையின் இலையைப் பார்த்து ‘உல்மஸ்’ என்றது. உல்மஸ் என்றால் எல்ம் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள எல்ம் இனங்களின் கூட்டம். பெரிய மரத்துக்கு மூன்று பேர் சொல்லிக் குழப்பியது. உடனே இவன் கணக்குப் போட்டுவிட்டான்: திண்ணை எல்மும் கரை மரமும் கலந்து பிறந்ததுதான் அந்த அடிக்கட்டை.

போன்சாய் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது, கட்டையோ இரண்டு கைக்கும் அடங்காத பருமன். பிள்ளைக்கு அப்பனைவிட வயது கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டேன். “அது வேற போன்சாயா இருக்கும்” என்றான். இவனிடம் பேசிப் பயனில்லை என்று அடுத்த வாரமே பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

பெரிய மரத்தின் அடிக்குப் போனவுடனேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. சாம்பல் நிறப் பட்டை, அதன் மேல் கொப்புளம் கொப்புளமாகப் புடைப்பு, வயதான பகுதியில் தக்கை மாதிரிச் செதில்கள் நகத்தால் நிமிண்டினாலே பெயர்ந்து வந்தன. முக்கால்வாசி இலை கொட்டியிருந்தது. தாழ்ந்த கிளையில் மிச்சமிருந்த ஒன்றைப் பறித்துக் கசக்கி அவன் மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேம்பின் கசப்பு நெடி மாதிரி இல்லை, நொச்சியின் காரமும் இல்லை, ஏதோ கெட்டுப்போன எண்ணெய் மாதிரி ஒரு வாடை. இது ஆயா மரம். ஆவி மரம் என்றும் சொல்வார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் ‘இந்திய எல்ம்’ என்றே போட்டிருக்கும், ஆக என் நண்பன் முழுப் பொய் சொல்லவில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் “அஜ்ஜி, இது என்ன மரம்?” என்று கேட்டோம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “தபசி” என்றார். அது கன்னடப் பேர். தோட்டத்தில் வேலை செய்யும் பென்னாகரத்துக்காரர் “ஆயா மரங்க சார்” என்றார். தெலுங்கில் இதற்கு நெமலிநார, அதாவது மயில்நார். இந்தப் பக்கம் ஒரு மரத்துக்கு மூன்று மொழியில் பேர் இருப்பது வசதிதான், ஆனால் அதுவே வம்பும்கூட. நண்பன் ஏற்கெனவே ஒருத்தரிடம் கேட்டிருக்கிறான், அவர் ஆயா என்றது இவன் காதில் ‘ஆச்சா’ என்று விழுந்திருக்கிறது. ஆச்சா வேறு மரம், ஒகேனக்கல் காட்டில் பாறைச் சரிவெல்லாம் அதுதான் நிற்கும். அதன் இலை நடுவில் பிளந்து, பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்கும். ஆயாவைப் போலவே ஆச்சாவுக்கும் காற்றில் பறக்கிற இறக்கைக் காய்தான், ஆனால் பட்டையாக நீண்ட காய், விதை ஒரு நுனியில் ஒட்டியிருக்கும். இணையத்தில் ஆச்சாவைத் தேடி, படம் எதுவும் பொருந்தாமல் போகவே, ஹைப்ரிட் என்ற முடிவுக்கு இவன் இன்னும் ஒரு படி நெருங்கிவிட்டான்.

சரி, பெரிய மரம் ஆயா. அப்படியானால் அந்தப் பல் வைத்த இலை?

இந்த இடத்தில்தான் மரத்தின் அறிவியல் பேரே ஆளைக் கவிழ்க்கும். ஹோலோப்டீலியா இன்டெக்ரிஃபோலியா. இரண்டாவது சொல்லுக்கு அர்த்தமே ‘பல் இல்லாத முழு விளிம்பு இலை’. பேரிலேயே முழு விளிம்பு என்று எழுதி ஒட்டியிருக்கும் மரத்தில் ரம்ப இலை எப்படி வரும் என்று நண்பன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சின்னது. பேர் வைத்தது வளர்ந்த மரத்தின் இலைக்கு. ஆயா மரத்தின் இளங்கன்றிலும், வெட்டின கட்டையில் வீறிட்டு வரும் துளிரிலும் இலை விளிம்பு பல்லோடுதான் வரும், வளர வளரப் பல் மறையும். பழைய வனத்துறைப் புத்தகங்களில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அந்த ஒரு வரியைத் தவறவிட்டால் ஒரு மரம் இரண்டு மரமாகிவிடும். அடிக்கட்டையின் துளிர் இலையையும் கசக்கிப் பார்த்தோம். அதே வாடை. பட்டையில் அதே புடைப்பு, கட்டையின் கீழ்ப்பகுதியில் அதே தக்கைச் செதில்.

இலையின் அடிப்பகுதியையும் லென்ஸில் பார்க்கச் சொன்னேன். உண்மையான எல்ம் இலை காம்போடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மேலே தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டால் இரண்டு முனையும் சேராமல் நிற்குமே, அந்த மாதிரி. பக்க நரம்புகள் வளையாமல் இணையாக ஓடிப் பல்லின் நுனியில் போய் முடியும். பல்லும் இரட்டைப் பல், பெரிய பல்லின் முதுகில் குட்டிப் பல் ஒன்று. ஆயா இலையின் அடி உருண்டையாக அல்லது லேசாக இதய வடிவில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எங்கள் கட்டைத் துளிரிலும் அடி சமமாகத்தான் இருந்தது, பல்லும் ஒற்றைப் பல்தான். ஆனால் இது மட்டும் போதாது. சைபீரிய எல்ம் என்று ஒன்று இருக்கிறது, அதன் இலையிலும் அடி கிட்டத்தட்ட சமம், பல்லும் பெரும்பாலும் ஒற்றை. ஓர் இலையை வைத்துக்கொண்டு எல்ம் வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆப்பையும் நான் திட்டமாட்டேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இந்த மரத்தை முதலில் விவரித்தபோது உல்மஸ் இன்டெக்ரிஃபோலியா என்றுதான் பேர் வைத்தார், எல்ம் பேரினத்திலேயே சேர்த்து. 1848இல் பிளான்ஷான் என்ற இன்னொரு தாவரவியலாளர்தான் இதைப் பிரித்து ஹோலோப்டீலியா என்று தனிப் பேரினமாக்கினார். ராக்ஸ்பர்க்குக்கே எல்மாகத் தெரிந்தது ஒரு போனுக்குத் தெரிந்ததில் என்ன குற்றம்?

பிப்ரவரி நடுவில் இரண்டாம் தடவை போனேன். இலை ஒன்றுகூட இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் காய்ந்துவிட்டது என்றே தோன்றும், கிட்டப் போனால் வெற்றுக் கிளையெல்லாம் பழுப்பும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூ. பூ என்றால் அழகான பூ இல்லை. இதழே கிடையாது, மகரந்தத் தாள்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றை நம்பிப் பிழைக்கிற பூவுக்கு இதழ் எதற்கு. நண்பன் கிளையைப் பிடித்து ஆட்டிவிட்டு நாலு தும்மல் போட்டான். வட இந்தியாவில் வசந்த காலத்தில் ஆஸ்துமாக்காரர்களைப் படுத்துகிற மகரந்தங்களில் இதுவும் முக்கியமானது என்று சொன்னேன், உடனே பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

அந்தத் தடவை எனக்கு வேண்டியிருந்தது பூக்கிற மாதம். சைனீஸ் எல்ம், அதாவது உல்மஸ் பார்விஃபோலியா, கோடை முடிந்து இலையுதிர்காலத்தில் பூப்பது. எல்ம்களில் பெரும்பாலானவை வசந்தத்தில் பூக்க, இதுவோ ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. ஆயா மரம் ஜனவரி, பிப்ரவரியில். ஒன்றின் பூ இருக்கும்போது மற்றதன் பூ இல்லை. பேரினமும் வேறு. இரண்டுக்கும் நடுவே கல்யாணம் நடக்க ஜாதகமும் இல்லை, முகூர்த்தமும் இல்லை.

சொந்தப் பேரினத்துக்குள்ளேயே கலந்திருக்குமோ என்று கேட்டால், அதற்கும் வழி இல்லை. ஹோலோப்டீலியாவில் மொத்தமே இரண்டு இனங்கள், இன்னொன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை ஏரிக்கரையில் ஆயா மரம் கலப்பு செய்துகொள்ள ஆள் கிடையாது.

ஹைப்ரிட் என்ற சொல் நம் பக்கம் ரொம்ப மலிவாகிவிட்டது என்பது என் வருத்தம். தக்காளி விதைப் பாக்கெட்டில் இருக்கிறது, சோளத்தில் இருக்கிறது, அது சரி. சந்தூர் பக்கம் வாங்குகிற மாங்கன்றையும் ஹைப்ரிட் என்கிறார்கள். அது ஒட்டு. கொட்டை முளைத்த செடியின் தண்டில் நல்ல ரகத்தின் குச்சியை வைத்துக் கட்டினது, அதில் ரத்தக் கலப்பு ஒன்றும் இல்லை. காட்டு மரமோ, கொஞ்சம் மாறித் தெரிந்தாலே ஹைப்ரிட். நிழலில் வளர்ந்த இலை, வெட்டுக் கட்டையின் இலை, பூச்சி அரித்த இலை, எல்லாமே மாறித்தான் தெரியும்.

உண்மையான எல்ம் கலப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், அது கொடுமையான வேலை. என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறாள், அவளுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே சைபீரிய எல்மைக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள், அது ஊர் மரமான செவ்வெல்மோடு சுலபமாகக் கலந்துவிடுகிறது. ஒரு மே மாதம் அவள் பொறுக்கிய காய்களை வெள்ளைத் தாளில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினாள். அமெரிக்க எல்ம் காயின் ஓரம் முழுக்க இமை முடி மாதிரி மயிர், நுனியில் ஆழமான வெட்டு. செவ்வெல்ம் காயில் ஓரத்தில் மயிர் இல்லை, நடுவே விதை இருக்கும் மேட்டில் மட்டும் செம்பட்டை மயிர். சைபீரிய எல்ம் காயில் எங்கேயும் இல்லை, வழவழ. இலையும் அப்படித்தான்: செவ்வெல்ம் இலை உள்ளங்கை அளவு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, சைபீரிய எல்ம் இலை விரல் நீளம்கூடப் பல நேரம் தேறாது, மழமழப்பு. கலப்பு மரத்தில் எல்லாமே நடுவாந்திரம். காயின் மேட்டில் நாலு மயிர், இலை கொஞ்சம் சொரசொரப்பு, அளவு இரண்டுக்கும் இடையில். அந்தக் கலப்பு மலடும் இல்லை, திரும்பவும் சைபீரிய எல்மோடு சேரும், அடுத்த தலைமுறையில் அந்த நாலு மயிரும் போய்விடும். பார்க்க சுத்தமான சைபீரிய எல்மாக நிற்கிற மரங்களிலும் கலப்பு இருப்பதை அங்கே மரபணுச் சோதனையில்தான் கண்டார்கள். அமெரிக்க எல்ம் மட்டும் இந்தச் சேர்க்கையில் பெரும்பாலும் சிக்காது, மற்ற எல்ம்களுக்கு 28 குரோமோசோம் என்றால் அதற்கு இரட்டிப்பாக 56.

ஐரோப்பாவிலும் இதே தலைவலி. அங்கே காயின் மயிரை விட்டுவிட்டு விதை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். அங்கத்து எல்ம்களில் உல்மஸ் கிளாப்ராவில் விதை காயின் நட்டநடுவில், உல்மஸ் மைனரில் நுனி வெட்டை ஒட்டி, இரண்டும் கலந்ததில் இடையில் எங்கோ. கிளாப்ராவின் இலைக்காம்பு மிகக் குட்டை, இலையின் அடி மடலே அதை மூடிக்கொள்ளும். டச்சு எல்ம் நோய் என்ற பூஞ்சை, பட்டை வண்டு மூலம் பரவி, 1960களின் கடைசியிலிருந்து பிரிட்டனில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் எல்ம்களைத் தின்றது. அதனால்தான் அங்கே கலப்பு என்பது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. நோய் தாங்குகிற எல்மை உருவாக்க டச்சுக்காரர்கள் எந்த மரத்தின் ரத்தத்தைச் சேர்த்தார்கள் தெரியுமா? நம் இமயமலையின் உல்மஸ் வாலிச்சியானா. 1973இல் வெளியான லோபெல், டோடோன்ஸ் ரகங்களில் அது இருக்கிறது. நண்பன் தேடின ‘இந்திய எல்ம் ஹைப்ரிட்’ உலகத்தில் நிஜமாகவே உண்டு, நெதர்லாந்தில் தெருவோரம் நிற்கிறது.

ஏப்ரல் கடைசியில் மூன்றாம் தடவை. தக்காளி விலை விழுந்த வாரம், நண்பன் முகம் வாடியிருந்தது. மரத்தடி முழுக்க இறக்கைக் காய், செருப்பு வைத்தால் சரசரவென்று சத்தம். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லென்ஸை வைத்தோம். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய இறக்கை, அதில் வலை பின்னின நரம்புகள், நடுவில் தட்டையான விதை, கீழே மெல்லிய காம்பு. நுனியில் ஒரு சின்ன வெட்டு, அந்த வெட்டின் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி இரண்டு நுண்ணிய நீட்சிகள் உள்நோக்கி வளைந்து நின்றன. பூவாக இருந்தபோது மகரந்தத்தைப் பிடித்த சூல் தண்டின் மிச்சம் அவை. தோட்டக்காரர் ஒரு காயைக் கசக்கி, இறக்கையை ஊதித் தள்ளிவிட்டு விதையை வாயில் போட்டுக்கொண்டார். “சின்ன வயசுல இதுதாங்க எங்களுக்கு முந்திரி” என்றார். நானும் ஒன்று மென்றேன், முந்திரி என்பது அவர் பெருந்தன்மை.

அப்போது நண்பன் உள்ளே ஓடிப்போய் ஒரு டப்பா கொண்டுவந்தான். மேலகிரி மலைப் பக்கம் நடந்தபோது பொறுக்கின ‘எல்ம் காய்’ என்று பத்திரப்படுத்தியிருக்கிறான். அதுவும் வட்டம், அதற்கும் சுற்றி இறக்கை. ஆனால் கையில் எடுத்தாலே கனம், இறக்கை தோல் மாதிரித் தடிப்பு, நடுவில் விதை இருக்கும் இடம் கொட்டை மாதிரி கெட்டி, விரலால் பிய்க்க வராது. வேங்கை. அதன் காய் அவரை, புளி வகையறாவைச் சேர்ந்த நெற்று, இலையும் ஒரு காம்பில் ஐந்தாறு சிற்றிலை வைத்த கூட்டிலை. காயின் உருவம் ஒன்று என்பதற்காக உறவு ஒன்றாகிவிடாது. காற்றில் பறக்க வேண்டும் என்று வந்தால் யாராக இருந்தாலும் வட்டத்தட்டு செய்துகொள்வார்கள் போல.

அடிக்கட்டையில் இன்னொரு விஷயமும் கிடைத்தது. ஜனவரியில் இடுப்பளவு இருந்த துளிர் இப்போது என் தலைக்கு மேல். கீழ் இலைகளில் அதே ரம்பம், அதே கிளையில் உச்சிக்குப் பக்கத்தில் வந்த இலைகளில் பல் மழுங்கி, இரண்டொன்றில் நுனிப்பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. வரிசையாகப் பறித்து அவன் தாய் முறத்தில் அடுக்கினோம், கீழிருந்து மேலாக ஒன்பது இலை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டான்.

வழக்கு முடிந்தது என்று திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இதே இடத்தில், இதே போன்சாய்க்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சைனீஸ் எல்ம் எந்த மாதம் பூக்கும் என்று வியாக்கியானம் செய்தேனே தவிர, அந்தச் செடியை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை. தொட்டியில் குத்தியிருந்த அட்டையைப் படித்ததோடு சரி. இப்போது அது பூத்திருந்தது. வெள்ளைப் பூ, ஐந்து இதழ், நட்சத்திரம் மாதிரி. எல்மில் இதழ் ஏது? லென்ஸை எடுத்தேன். கரண்டி வடிவப் பொடி இலை, நுனியில் மட்டும் இரண்டு மூன்று பல், மேற்பரப்பு சொரசொரப்பாக வெள்ளைப் புள்ளிகளோடு.

குரங்கு வெற்றிலை. நம் ஊர்ப் புதர்க்காட்டுச் செடி. போன்சாய் செய்கிறவர்களுக்கு உலகம் முழுக்கப் பிடித்தமானதுதான், அதில் ஏமாற்று இல்லை, எல்ம் என்று அட்டை குத்தினதில்தான் இருக்கிறது. தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுவா, வேலிக்குப் பின்னாடி கெடக்குதே” என்றார். போய்ப் பார்த்தோம், கிடந்தது.

நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “1,800 ரூபா மாப்ள” என்றான். போன வாரம் போன் செய்தபோது, கம்பியை அவிழ்த்துத் தரையில் நட்டுவிட்டதாகச் சொன்னான், சிவப்பாகப் பழம் விட்டிருக்கிறதாம். அட்டையை மட்டும் பிடுங்கவில்லை.